முன்சக்கரம் இழுக்கிறதா என்று பார்த்தீர்களா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழைக்காலம் நெருங்கும் புரட்டாசி மாதத்திலிருந்தே தங்கள் நாளிதழின் வரி விளம்பரங்களில் பழைய ஜீப்புகளும் மாருதி ஜிப்சிகளும் விற்பனைக்கு வரத் தொடங்குவதைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். "ஃபோர் வீல், நல்ல கண்டிஷன், புது டயர், நேரில் பேசவும்" என்ற அளவில்தான் அவை இருக்கும். கீழ்ப்பழனி மலையில் காபியும் மிளகும் பயிரிட்டு வாழும் எங்களைப் போன்றவர்களுக்கு அந்த வரியில் முதல் சொல்தான் எல்லாம். அந்த ஒரு சொல்லுக்காகவே, அதே வயதுள்ள சாதாரண வண்டிக்குத் தருவதைவிடக் கூடுதலான தொகையைத் தருகிறோம். ஆனால் வண்டியைப் பார்க்கப் போன இடத்தில் பெயிண்டைப் பார்க்கிறோம், டயரைப் பார்க்கிறோம், எஞ்சின் சத்தத்தைக் கேட்கிறோம். கூடுதல் பணம் எதற்காகத் தருகிறோமோ அதை மட்டும் பார்க்காமல் வந்துவிடுகிறோம். அந்தத் தவற்றை நானும் செய்தவன் என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல் விளக்கம். "நான்கு சக்கர வாகனம்" என்று நம் செய்திகளில் எழுதும்போது கார், வேன் எல்லாமே அதில் அடங்கிவிடுகின்றன. நான் சொல்வது எஞ்சினின் விசை பின்சக்கரங்களுக்கு மட்டுமன்றி முன்சக்கரங்களுக்கும் போகும் வண்டியை. மலையில் இதை யாரும் தமிழ்ப்படுத்திச் சொல்வதில்லை. "ஃபோர் வீல்" என்றால் குழந்தைக்கும் தெரியும். ஜீப்பின் உருவத்தில் இருப்பதெல்லாம் ஃபோர் வீல் என்று கீழ்நாட்டிலிருந்து வரும் நண்பர்கள் நினைப்பதுண்டு. 2010 இல் வந்த முதல் மகிந்திரா தார் ஜீப்பிலேயே பின்சக்கரம் மட்டும் இழுக்கும் வகையும் விற்கப்பட்டது. சாலையில் நாம் காணும் பொலேரோக்களிலும் ஸ்கார்ப்பியோக்களிலும் மிகப் பெரும்பாலானவை அவ்வகையே. விற்பவர் பொய் சொல்லாவிட்டாலும் வாங்குபவர் தாமாகவே ஏமாந்துபோக இந்த உருவ மயக்கம் போதும்.

2014 ஆம் ஆண்டு சமவெளியில் ஒரு புரோக்கர் மூலமாக 1996 மாடல் மகிந்திரா எம்.எம். 540 ஒன்றை வாங்கினேன். பியூஜோ டீசல் எஞ்சின்; சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொண்டது. புதிதாகப் பச்சைப் பெயிண்ட் அடித்து, சீட்டுக்கு ரெக்சின் மாற்றி, மணப்பெண் போல நிறுத்தியிருந்தார்கள். "ஃபோர் வீல் வேலை செய்கிறதா?" என்று நான் கேட்கவும் செய்தேன். புரோக்கர் என்னைக் குனிந்து பார்க்கச் சொல்லிவிட்டு, டிரைவரை ஃபோர் வீல் லீவரைப் போட்டு வண்டியை மெல்ல நகர்த்தச் சொன்னார். விசையை முன் அச்சுக்குக் கொண்டுபோகும் தண்டான புரொப்பெல்லர் ஷாஃப்ட் அழகாகச் சுற்றியது. "பார்த்தீர்களா சார்" என்றார். பார்த்தேன், பணத்தைக் கொடுத்தேன்.

ஐப்பசி மழையில் ஏழு மூட்டை உரத்தோடு மிளகுத் தோட்டத்துக்கு ஏறும் செம்மண் ஏற்றத்தில் வண்டி நின்றது. ஃபோர் வீல் போட்டேன், லீவர் விழுந்தது, பின்சக்கரம் இரண்டும் சேற்றைக் கிளறிக்கொண்டே இருந்தனவே தவிர முன்சக்கரம் அசையவில்லை. மூட்டைகளை இறக்கித் தலைச்சுமையாகக் கொண்டுபோன பின், வத்தலக்குண்டிலிருந்து எங்கள் மெக்கானிக்கை வரவழைத்தேன். அவர் முன்சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப் மூடியைக் கழற்றி, டார்ச் அடித்து, "அண்ணே, நீங்களே வந்து பாருங்க" என்றார். சக்கரத்தைச் சுழற்றும் ஆக்சில் ராடு இருக்க வேண்டிய இடத்தில் கிரீஸ் பூசிய வெறும் துளை இருந்தது. அடுத்த பக்கமும் அப்படியே. யாரோ எப்போதோ இரண்டு ராடுகளையும் உருவி எடுத்துவிட்டு மூடியை மட்டும் மாட்டியிருக்கிறார்கள். ஷாஃப்ட் சுற்றியது உண்மைதான். சுற்றிய விசை அச்சின் நடுவிலுள்ள கிரவுன் பல்சக்கரம் வரைக்கும் போய் அங்கேயே முடிந்துவிட்டது. ராடு, ஜாயிண்ட், பேரிங், சீல், கூலி எல்லாம் சேர்த்து 42,000 ரூபாய் ஆயிற்று.

இப்படிச் செய்பவர்கள் எல்லோரும் மோசடிக்காரர்கள் அல்லர் என்பதையும் சொல்ல வேண்டும். ஊர்ச் சாலையில் மட்டும் ஓட்டும் ஒருவருக்கு முன் அச்சு வெறும் பாரம். அதைச் சுழற்றிக்கொண்டே போவதால் டீசல் வீணாகிறது என்று முன் ஷாஃப்டைக் கழற்றி வீட்டுப் பரணில் போட்டுவைப்பது பழைய வழக்கம். முன் அச்சின் ஜாயிண்ட் உடைந்தால் அதன் விலையைக் கேட்டுவிட்டு, "நமக்கெதற்கு ஃபோர் வீல்" என்று ராடை உருவி எறிந்தவர்களும் உண்டு. அந்த வண்டி மூன்றாவது, நான்காவது கைக்கு மாறும்போதுதான் அது ஏமாற்று வேலையாகிறது. அதுவும், வாங்கியவருக்கு முதல் மழை வரும்வரை தெரியாத ஏமாற்று.

ஆகவே வண்டியைப் பார்க்கப் போகிறவர் ஒரு ஜாக்கியும் இரண்டு சக்கரக் கட்டைகளும் எடுத்துப் போவது நல்லது. சமதளத்தில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, முன்சக்கரம் ஒன்றை மட்டும் தரையிலிருந்து நான்கு விரல் உயரம் தூக்க வேண்டும். ஹப்பில் கையால் திருகும் லாக் இருந்தால் இரண்டு பக்கமும் லாக் நிலையில் வைக்க வேண்டும். லீவர், பின்சக்கரங்களுக்கு மட்டும் விசை தரும் டூ வீலில் இருக்கும்போது தூக்கிய சக்கரத்தைக் கையால் சுற்றினால் சக்கரமும் சுற்ற வேண்டும், அதோடு சேர்ந்து முன் ஷாஃப்டும் சுற்ற வேண்டும். ஷாஃப்ட் அசையாமல் சக்கரம் மட்டும் சுற்றினால் இடையில் ஏதோ ஒன்று இல்லை, அல்லது ஹப் பிடிக்கவில்லை. அடுத்து ஃபோர் வீலில் போட்டுவிட்டு அதே சக்கரத்தைச் சுற்றிப் பார்க்க வேண்டும். இப்போது அது சிறிது அசைந்து "டக்" என்று நின்றுவிட வேண்டும். ஏனெனில் முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் விசையை முன்னும் பின்னும் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேசுக்குள் ஒன்றோடொன்று பூட்டப்பட்டுவிட்டன, பின்சக்கரங்களோ தரையில் கட்டை கொடுத்து நிற்கின்றன. அப்போதும் சக்கரம் ராட்டினம் போலச் சுற்றினால் அந்த வண்டி ஃபோர் வீல் அல்ல. பிறகு மறுபக்கத்துச் சக்கரத்தையும் இதே போலத் தூக்கிப் பார்த்தால் சந்தேகம் முழுவதும் தீரும். பத்து நிமிட வேலை. என் வண்டிக்கு இதைச் செய்திருந்தால் புரோக்கரின் ஷாஃப்ட் வித்தை அந்த இடத்திலேயே அம்பலமாகியிருக்கும். சக்கரம் நிற்பதற்கு முன் எவ்வளவு அசைகிறது என்பதும் ஒரு கணக்கு. அரை விரல் அசைவு பழைய வண்டிக்கு இயல்பு. கை அகலத்துக்கு அசைந்தால் கிரவுன் பினியனோ ஷாஃப்ட் கிராஸோ தேய்ந்துவிட்டது என்று பொருள்.

அதன் பின் ஓட்டிப் பார்க்க வேண்டியது தார்ச்சாலையில் அன்று. உழுத வயலிலோ ஆற்று மணலிலோ ஈர மண் ஏற்றத்திலோ. பழைய ஜீப்பிலும் ஜிப்சியிலும் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவில், இரண்டையும் வேறு வேறு வேகத்தில் சுழலவிடும் டிஃபரென்ஷியல் கிடையாது. வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிடக் கூடுதல் தூரம் ஓட வேண்டும். மண்ணில் என்றால் சக்கரம் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிக்கொள்ளும். காய்ந்த தார்ச்சாலையில் வழுக்க இடமில்லாததால் இரண்டு ஷாஃப்டும் ஒன்றையொன்று முறுக்கி, ஸ்டீயரிங் கல்லாகி, கியர் பற்களின் மேல் சுமை ஏறும். விற்பவர் "இதோ ஃபோர் வீல் போட்டுக் காட்டுகிறேன்" என்று தார்ச்சாலையில் வட்டமடித்துக் காட்டினால் அவருக்குத் தம் வண்டியைப் பற்றித் தெரியவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். அப்படியே பல ஆண்டுகள் ஓட்டியிருப்பாரோ என்றும் அஞ்சலாம். மண்ணில் ஓட்டும்போது ஃபோர் வீலின் ஹை, லோ என்ற இரண்டு நிலையிலும் போட்டுப் பார்க்க வேண்டும். லோவில் போட வண்டி நின்றிருக்க வேண்டும் என்பதைப் பலர் மறந்து கியரைக் கடகடக்க வைக்கிறார்கள். பழைய ஜீப்பில் லோ போட்டால் வேகம் ஏறக்குறைய இரண்டரை மடங்கு குறைந்து இழுவிசை அந்த அளவுக்குக் கூடும். முதல் கியரில் ஆள் நடக்கும் வேகத்தைவிடக் குறைவாக வண்டி ஊர்ந்து ஏறும்போது லீவர் தானாக எகிறி வெளியே வருகிறதா என்று கவனிக்க வேண்டும். எகிறினால் டிரான்ஸ்ஃபர் கேசைத் திறந்தே ஆக வேண்டும்.

சற்றுப் பிந்தைய ஸ்கார்ப்பியோ, சஃபாரி போன்றவற்றில் லீவருக்குப் பதிலாக டேஷ்போர்டில் ஒரு திருகு சுவிட்ச் இருக்கும். அதைத் திருப்பினால் ஒரு சின்ன மோட்டார் கியரை மாற்றும். ஆண்டுக்கணக்கில் யாரும் தொடாத மோட்டார் சமயத்தில் அசையாது. டேஷ்போர்டில் விளக்கு எரிந்ததைப் பார்த்து நிறைவடைந்துவிடாமல், அந்த வண்டிக்கும் மண்ணில்தான் பரீட்சை வைக்க வேண்டும்.

வண்டியின் அடியில் படுத்துப் பார்க்கத் தயங்கக் கூடாது. வேட்டி அழுக்காகும் என்று பார்த்தால் பணம் போகும். முன், பின் அச்சுகளின் நடுவே உருண்டையாகப் புடைத்திருக்கும் ஹவுசிங்கில் ஆயில் அளவு பார்க்கும் திருகு ஒன்று உண்டு. விற்பவரின் அனுமதியோடு அதைத் திறந்து விரலை விட்டு எடுத்தால் ஆயிலின் நிறம் சொல்லிவிடும். பால் கலந்த காபி போல இருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. ஆற்றிலும் ஓடையிலும் இறக்கிய வண்டி அது. விரலில் மினுமினுவென்று இரும்புத் துகள் ஒட்டினால் பற்கள் தேய்கின்றன. ஆயிலே இல்லாமல் வறண்டிருந்த முன் ஹவுசிங்கையும் நான் பார்த்திருக்கிறேன். முன் அச்சை யாரும் பொருட்படுத்தவில்லை என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. முன்சக்கரம் திரும்பும் இடத்தில் இருக்கும் இரும்பு உருண்டையின் மேல் கிரீஸும் ஆயிலும் வழிந்திருந்தால் சீல் போயிருக்கிறது. சீலின் விலை சிறிதுதான்; அதை மாற்ற அவிழ்க்க வேண்டியவைதான் அதிகம்.

அதே இடத்தில், சக்கரம் இருபுறமும் திரும்புவதற்கான கிங் பின் பேரிங் என்று ஒன்று இருக்கிறது. அது தேய்ந்த வண்டியில் நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு குழியில் இறங்கி ஏறியவுடன் ஸ்டீயரிங் கையைவிட்டுப் பறிப்பது போல இருபுறமும் உதறத் தொடங்கும்; பிரேக் போட்டு வேகத்தைக் குறைத்தால்தான் நிற்கும். கொண்டை ஊசி வளைவுகளில் இது உயிருக்கு ஆபத்து. தூக்கிய சக்கரத்தின் மேலும் கீழும் கை வைத்து ஆட்டிப் பார்த்தால் இந்தத் தேய்மானம் கையில் தெரிந்துவிடும் என்பதால், ஜாக்கியை இறக்குவதற்கு முன் இதையும் பார்த்துவிடலாம்.

இனி வண்டியின் அடிச்சட்டமான சேசிஸ். எஞ்சினை மாற்றலாம், கியர் பாக்ஸை மாற்றலாம். சேசிஸ் போனால் வண்டி போயிற்று. இரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊர்த் தம்பி ஒருவருக்காக இராமநாதபுரம் மாவட்டத்தில் ஒரு ஜீப்பைப் பார்க்கப் போனேன். தனுஷ்கோடி அரிச்சல்முனைக்குத் தார்ச்சாலை 2017 இல் திறக்கப்பட்டது என்பது வாசகர்களுக்குத் தெரியும். அதற்கு முன்பு கடல் நீர் ஏறிக் கிடக்கும் மணலில்தான் ஜீப்புகளும் வேன்களும் பயணிகளைக் கொண்டுபோயின. நாங்கள் பார்க்கப் போன வண்டியும் அந்த மணலில் உழைத்தது என்று விற்றவரே பெருமையாகச் சொன்னார். ஃபோர் வீல் அருமையாக வேலை செய்தது. நான் சொன்ன ஜாக்கிப் பரீட்சையில் குறையே இல்லை. அடியில் மட்டும் கன்னங்கரேலென்று புதிய தார்ப் பூச்சு இருந்தது. பழைய வண்டியின் மேல்பக்கம் பளபளப்பது இயல்பு; அடிப்பக்கம் பளபளத்தால் காரணம் கேட்க வேண்டும்.

நான் ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, பின் ஸ்பிரிங் பட்டைகள் சேசிஸோடு சேரும் இடத்தில் பிடிப்பக்கத்தால் தட்டிக்கொண்டே போனேன். நல்ல இரும்பு "டிங்" என்று சொல்லும்; ஓரிடத்தில் மரத்தைத் தட்டியது போல "தொப்" என்றது. விற்பவரிடம் சொல்லிவிட்டுக் கூர்முனையை வைத்துச் சற்று அழுத்தினேன். கருவாட்டில் முள் இறங்குவது போல உள்ளே போய்விட்டது. தார்ப் பூச்சை நீக்கினால் துருவின் மேல் பட்டி அப்பி, அதன் மேல் துணி ஒட்டி, அதன் மேல் கறுப்பு அடித்திருந்தார்கள். விற்பவரும் அதைப் பார்த்து வாயடைத்துப் போனார் என்றுதான் எனக்குத் தோன்றியது. அவர் வாங்கும்போதே அது அப்படி இருந்திருக்கலாம். பட்டைகளைத் தாங்கும் கொக்கிகள், ஸ்டீயரிங் பாக்ஸ் மாட்டிய இடம், பம்பரின் பின்புறம் ஆகிய மூன்றையும் கட்டாயம் தட்டிப் பார்க்க வேண்டும். கடலோர வண்டிக்கு இவற்றில் துரு. மலை வண்டிக்கு இதே இடங்களில் வெடிப்பும், வெடிப்பின் மேல் போட்ட வெல்டிங்கும். தேயிலை மூட்டையும் வாழைத்தாரும் அளவுக்கு மீறி ஏற்றிய வண்டியில் பட்டைகள் நிமிர்ந்து நேராகிப்போயிருக்கும், அல்லது கூடுதல் பட்டை போட்டுக் கட்டியிருப்பார்கள்.

எஞ்சினைப் பற்றி நிறையச் சொல்ல மாட்டேன். எந்தப் பழைய டீசல் வண்டிக்கும் உள்ள விதிகள்தாம் இதற்கும், எந்த மெக்கானிக்குக்கும் அவை தெரியும். ஒன்றே ஒன்று: முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போனால் எஞ்சினைச் சூடாக்கி வைத்திருப்பார்கள். போனவுடன் பானட்டின் மேல் கை வைத்துப் பார்த்துவிட்டு, சூடாக இருந்தால் ஒரு டீ குடித்து ஆறவிட்டே ஸ்டார்ட் செய்யச் சொல்ல வேண்டும். குளிர்ந்த எஞ்சின்தான் புகையை மறைக்காது. கிளட்சையும் கியரையும் ஏற்றத்தில் மட்டுமன்றி இறக்கத்திலும் சோதிக்க வேண்டும். இரண்டாவது கியரில் ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு இறங்கும்போது கியர் தானாக நியூட்ரலுக்கு எகிறும் நோய் பழைய ஜீப்புகளில் உண்டு. மலையில் நாங்கள் பிரேக்கை நம்பி இறங்குவதில்லை, கியரை நம்பித்தான் இறங்குகிறோம். ஆகவே இந்தக் கோளாறு கண்ட வண்டியை என்ன விலைக்குக் கொடுத்தாலும் சீர் செய்யாமல் மலைக்கு ஏற்றிவிடக் கூடாது.

டயரில் இன்னொரு செய்தி இருக்கிறது. ஃபோர் வீல் வண்டிக்கு நான்கு டயரும் ஒரே அளவாகவும் ஏறக்குறைய ஒரே தேய்மானமாகவும் இருக்க வேண்டும். முன்னும் பின்னும் வேறு வேறு அளவு என்றால் நான் முன்பு சொன்ன முறுக்கல் நேர்ச்சாலையிலும் நடக்கும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரத்தில் செய்தது. விளம்பரத்தில் வரும் "புது டயர்" எத்தனை வயதுப் புதிது என்பதை அதில் படித்துக்கொள்ளலாம்.

காகிதங்களைப் பற்றி விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது, ஏனெனில் இரும்பில் ஏமாந்தால் பணம் போகும், காகிதத்தில் ஏமாந்தால் வண்டியே போகும். மோட்டார் வாகனச் சட்டம் 1988 இன்படி சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன் பின் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை வண்டியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். நாம் பேசும் வண்டிகளில் பெரும்பாலானவை இந்த 15 ஐக் கடந்தவை. ஜிப்சியின் தயாரிப்பு 2019 இல் நின்றுவிட்டது என்றாலும் சந்தைக்கு வருபவை அதைவிட மூத்தவையே. ஆர்.சி. புத்தகத்தில் முதலில் பார்க்க வேண்டியது அது எந்தத் தேதி வரை செல்லும் என்பது. காலாவதியான ஆர்.சி.யைக் காட்டி, "பேரை மாத்தும்போது சேர்த்துப் பண்ணிக்கலாம் சார், ஆயிரம் ரூபாய் வேலை" என்பார்கள். அந்தக் காலம் மலையேறிவிட்டது. 2022 ஏப்ரல் முதல் 15 ஆண்டைக் கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்க மட்டும் கட்டணம் 5,000 ரூபாய். 2025 இல் 20 ஆண்டைக் கடந்தவற்றுக்கு அது 10,000 ஆக்கப்பட்டது. பசுமை வரி, தாமதத்துக்கான அபராதம், வண்டியை ஆய்வுக்குத் தயார் செய்யும் செலவு எல்லாம் தனி.

அடுத்தது சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும். புத்தகத்தில் உள்ளதையும் இரும்பில் பொறித்ததையும் ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட வேண்டும். துருவைத் தேய்த்து எண்ணைத் தேட வேண்டிய நிலை வந்தால் பொறுமையாகத் தேட வேண்டும். "ஆபீஸில் பார்த்துக்கொள்வார்கள்" என்று விடக் கூடாது. பழைய ஜீப்புகளுக்கு வேறு எஞ்சினை மாட்டுவது சாதாரணமாக நடக்கிறது, ஆனால் அது புத்தகத்தில் ஏறியிருக்க வேண்டும். கூரையை வெட்டித் திறந்த ஜீப்பாக்கியது, உடலை நீட்டியது போன்ற மாற்றங்களும் அப்படியே. தயாரிப்பாளர் வடிவமைத்ததற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தெளிவாகவே சொல்லிவிட்டது. யூடியூபில் பார்த்து ஆசைப்பட்டுப் பெரிய டயரும் இரும்புக் கொம்பும் மாட்டிய வண்டியை வாங்கும் இளைஞர்கள், மாட்டியவருக்கு வராத அபராதம் தமக்கு வரும் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

வட மாநிலத்து வண்டிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. டெல்லி வட்டாரத்தில் 10 ஆண்டைக் கடந்த டீசல் வண்டிகளுக்கு 2015 இல் பசுமைத் தீர்ப்பாயம் விதித்த தடையை 2018 இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. அதன் பின் அங்கிருந்து நல்ல நிலையிலுள்ள டீசல் வண்டிகள் குறைந்த விலைக்குத் தெற்கே வருகின்றன. விலையைப் பார்த்து மயங்குபவர்கள், மறுப்பின்மைச் சான்று (என்.ஓ.சி.) வாங்கி, இங்கே மறுபதிவு செய்து, இந்த மாநிலத்து வரியையும் கட்ட வேண்டும் என்பதைச் சேர்த்துக் கணக்கிட வேண்டும். இராணுவம் கழித்து ஏலம் விட்ட வண்டி என்று சொல்லி வருபவை இன்னொரு வகை. ஏலத்தில் விற்ற ஆவணமும், அதன் பின் பொதுப் பதிவில் ஏறிய ஆவணமும் சங்கிலி அறாமல் இருந்தால் மட்டுமே பேச வேண்டும். சாம்பல் பச்சைப் பெயிண்டை எவரும் அடிக்கலாம்.

பெயர் மாற்றத்தை வாங்குபவரின் தலைவலி என்று விற்பவர்கள் நினைக்கிறார்கள். சட்டப்படி விற்றவர் 14 நாட்களுக்குள்ளும் வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அதற்கான படிவங்கள் 29, 30. பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018 இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. கையெழுத்திட்ட வெற்றுப் படிவங்களோடு நான்கு கை மாறிய ஜீப் ஒன்று பெரும்பாறை ஊருக்குக் கீழே ஒரு வளைவில் கவிழ்ந்தபோது, பத்து ஆண்டுகளுக்கு முன்பே அதை விற்றுவிட்ட எங்கள் ஊர்ப் பெரியவருக்கு நோட்டீஸ் வந்தது. வங்கிக் கடன் பதிவு புத்தகத்தில் இருந்தால், கடன் முடிந்ததற்கான வங்கிக் கடிதத்தையும் படிவம் 35 ஐயும் கையில் வாங்காமல் டோக்கன் அட்வான்சைத் தாண்டி ஒரு ரூபாய் கொடுக்கக் கூடாது. வண்டி எண்ணை மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் போட்டால் பதிவு, காப்பீடு, தகுதிச் சான்று (எஃப்.சி.) தேதிகளும் நிலுவையிலுள்ள அபராதங்களும் பெரும்பாலும் தெரிந்துவிடும். டீக்கடையில் நின்றபடியே செய்யக்கூடிய இந்த வேலையைப் படித்தவர்கள்கூடச் செய்யாமல் வருகிறார்கள்.

விலை பேசும்போது நான் கடைப்பிடிக்கும் வழி ஒன்று உண்டு. முன் அச்சை முழுமையாகச் சீர்செய்ய என்ன ஆகும் என்று மெக்கானிக்கிடம் முதல் நாளே கேட்டு எழுதி வைத்துக்கொள்வேன். ஜாக்கிப் பரீட்சையில் குறை தெரிந்தால் அந்தத் தொகையை விலையிலிருந்து கழித்துப் பேசுவேன். விற்பவர் ஒப்பாவிட்டால், "அப்படியானால் டூ வீல் விலைக்குக் கொடுங்கள்" என்பேன். கோபித்துக்கொண்டவர்கள் உண்டு. ஆனால் வண்டியின் ஃபோர் வீல் உண்மையிலேயே வேலை செய்யும் என்றால், அதை ஒரு மண் ஏற்றத்தில் காட்ட மறுத்தவர் யாரையும் நான் சந்தித்ததில்லை.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். பழைய வண்டி விளம்பரங்களை ஏற்றுக்கொள்ளும்போது, மாடல் ஆண்டோடு ஆர்.சி. எந்த மாதம் வரை செல்லும் என்பதையும், ஃபோர் வீல் என்று குறிப்பிட்டால் "மண் சாலையில் ஓட்டிப் பார்க்கலாம்" என்ற ஒரு தொடரையும் சேர்க்கும்படி விளம்பரதாரர்களைக் கேட்கலாம். கூடிப்போனால் ஒரு வரி கூடும். அந்த வரிக்கான கட்டணத்தைத் தர மனமில்லாதவரின் வண்டியைப் பார்க்க நாங்கள் மலையிலிருந்து பஸ் ஏறி இறங்கி வர வேண்டியதில்லை.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஒரு சிறு காபி விவசாயி,
தாண்டிக்குடி, திண்டுக்கல் மாவட்டம்.